பிளக்கில் கரண்ட் வரவில்லையா? குமரி மாவட்டத்தில் பழைய புல்லட் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய புல்லட்டுக்கு ஆசைப்படுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். மாமா ஓட்டிய வண்டி, தார்ப்பாய் போர்த்திக் கொட்டகையில் கிடந்த வண்டி, யாரோ விற்றுத் தள்ளிய வண்டி என்று எப்படியோ ஒன்று கைக்கு வந்துவிடும். வந்த பிறகு எல்லோரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். கால் ஓய உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அல்லது வீட்டு வாசலில் ஸ்டார்ட் ஆகும், பாதி வழியில் நின்றுவிடும். உடனே காயிலை மாற்று என்பார் ஒருவர், கண்டன்சரை மாற்று என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் மாற்றிப் பணம் செலவான பிறகும் வண்டி அப்படியே நிற்கும். ஏனென்றால் பழுது எங்கே என்று யாரும் தேடவில்லை.

தேடுவது கடினமான வேலை இல்லை. பிளக்கில் பொறி வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் ஒவ்வொரு இடமாக நின்று 'இது வரைக்கும் வருகிறதா?' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான். எந்தச் சாமானையும் சோதிக்காமல் மாற்றாதீர்கள் என்பதைத்தான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

நான் எழுதுவது பாயின்ட் (காயிலின் கரண்டை ஒட்டியும் விலகியும் விட்டு விட்டு அறுக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய புல்லட் 350 பற்றி. வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், ஹெட்லைட் தலைப்பகுதியில் ஆம்பியர் மீட்டர், பேட்டரியும் காயிலும் சேர்ந்து பொறி கொடுக்கும் வகை. ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்பிளெண்டர் போன்ற சி.டி.ஐ. வண்டிகளுக்கு, அதாவது பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் பெட்டி வைத்த வண்டிகளுக்கு, கடைசியில் ஒரு பகுதி உண்டு.

பொறி எப்படி வருகிறது

பேட்டரியிலிருந்து கரண்ட் ஆம்பியர் மீட்டர், சாவி வழியாகக் காயிலுக்குப் போகிறது. காயிலிலிருந்து பாயின்டுக்கு வந்து, பாயின்ட் ஒட்டியிருக்கும்போது எர்த் ஆகிறது, அதாவது எஞ்சின், ஃபிரேம் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்த நேரத்தில் பிளக்கில் எதுவும் நடக்காது. பாயின்ட் விலகும் அந்தக் கணத்தில்தான் பொறி. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாயே அதிரும் இல்லையா, அதுபோல ஓடிய கரண்ட் திடீரென்று அறுபடும்போது காயிலின் இரண்டாவது சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலே எகிறுகிறது. அதுதான் தடித்த ஒயர் வழியாகப் பிளக்குக்கு வருகிறது. பாயின்ட் விலகும் இடத்திலேயே பொறி தாவி வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டன்சரின் வேலை.

இதில் பேட்டரியிலிருந்து பாயின்ட் வரையிலான பாதி 6 வோல்ட்டிலோ 12 வோல்ட்டிலோ ஓடுகிறது. அந்தச் சின்ன அழுத்தத்துக்கு ஒரு மெல்லிய களிம்புப் படலம்கூடப் பெரிய தடை. இங்கேதான் நம்முடைய மாவட்டம் வருகிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லின் இரண்டு போகத்துக்கும் ஆளுக்கொரு மழை, ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை ஈரம் காயாத ஊர் இது. முட்டம், குளச்சல், மணக்குடி, சின்னமுட்டம் என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் நிறுத்திய வண்டிக்கு வெயிலே படாது. இங்கே ஓடும் வண்டியில் சாமான் செத்துப்போவதைவிட இணைப்புகள் பச்சை பிடிப்பதுதான் அதிகம்.

தொடங்கும் முன்

முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி டேப்பைத் திறந்தால் தாராளமாக ஒழுக வேண்டும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல் என்றால் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றுங்கள். அப்புறம் கிக்கரைக் கையால் அமுக்கினால் ஓரிடத்தில் திமிறி நிற்க வேண்டும். அந்தத் திமிறல் இருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இருக்கிறது என்று அர்த்தம். இவை இரண்டும் சரி என்றால் கரண்ட் பக்கம் வரலாம்.

கையில் வேண்டியவை: 21 எம்.எம். பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளையர், நைஸ் உப்புத்தாள், பழைய விசிட்டிங் கார்டு, இரண்டு அடி ஒயர். அதோடு ஒரு இன்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து ஒரு டெஸ்ட் லைட். உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற பல்பு போடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் இந்தப் பல்பு பாதிக்கு மேல் வேலையை முடித்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. சாவியை ஆன் செய்துவிட்டு அப்படியே டீ குடிக்கப் போகாதீர்கள். பாயின்ட் ஒட்டிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் சுட்டுப் பழுதாகும், பேட்டரியும் இறங்கும். இரண்டாவது, பிளக் ஒயரின் ஷாக் சாதாரணமானது இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது, பக்கத்திலும் நிற்க வேண்டாம்.

ஆம்பியர் மீட்டரிடம் கேளுங்கள்

புல்லட்டில் பழுது பார்க்கும் கருவியை வண்டியிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் நேராக ஸ்பேனரை எடுப்பவர்கள்தான் அதிகம்.

லைட்டை அணைத்துவிட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள். டீகம்ப்ரஷன் லிவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லிவர்) பிடித்துக்கொண்டு கிக்கரைப் பைய அமுக்குங்கள். முள்ளையே பார்த்துக்கொண்டிருங்கள். பாயின்ட் ஒட்டும்போது முள் மைனஸ் பக்கம் கொஞ்சம் சாயும். விலகும்போது நடுவுக்குத் திரும்பும். இப்படிச் சாய்ந்து சாய்ந்து திரும்பினால் பேட்டரி, சாவி, காயிலின் முதல் சுற்று, பாயின்ட் எல்லாம் வேலை செய்கின்றன. பழுது அதற்கு அப்பால், அதாவது கண்டன்சர், காயிலின் இரண்டாவது சுற்று, தடித்த ஒயர், பிளக் மேல் மாட்டும் கேப், பிளக் இவற்றில் ஒன்றில்.

முள் அசையவே இல்லை என்றால் ஹெட்லைட்டைப் போடுங்கள். லைட் எரியவில்லை என்றால் பேட்டரி, பியூஸ், எர்த் பக்கம் போங்கள். லைட் நன்றாக எரிந்து முள்ளும் சாய்கிறது, ஆனால் கிக்கரை அமுக்கும்போது மட்டும் அசையவில்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பாயின்ட் ஒட்டவில்லை. ஒட்டினாலும் நடுவில் அழுக்கு இருக்கலாம்.

முள் மைனஸ் பக்கமே சாய்ந்து நிற்கிறது, திரும்பவே மாட்டேன் என்கிறதா? பாயின்ட் விலகவில்லை, அல்லது எங்கேயோ எர்த்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது. கண்டன்சர் உள்ளே ஷார்ட் ஆனாலும் இப்படித்தான் நிற்கும். கண்டன்சர் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். முள் ஆட ஆரம்பித்தால் குற்றவாளி அதுதான்.

ஆம்பியர் மீட்டர் செத்துப்போன வண்டி என்றால் டெஸ்ட் லைட்டை எடுங்கள். காயிலிலிருந்து பாயின்டுக்குப் போகும் ஒயர் மாட்டிய முனையில் ஒரு பக்கம், எஞ்சின் உலோகத்தில் மறுபக்கம். எஞ்சினை மெல்லச் சுற்றும்போது பாயின்ட் விலகினால் பல்பு எரியும், ஒட்டினால் அணையும். எப்போதும் எரிந்தால் பாயின்ட் ஒட்டவில்லை. எரியவே இல்லை என்றால் கரண்ட் வரவில்லை, அல்லது எர்த் ஆகிறது.

பிளக்கும் அதன் கேப்பும்

பிளக்கைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நன்றாக எரிகிறது. உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வழவழவென்று எண்ணெய் என்றால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது, அது வேறு கதை. பெட்ரோலில் நனைந்து மணக்கிறது என்றால் பெட்ரோல் வந்தும் பொறி இல்லை, அல்லது உதைத்து உதைத்து ஓவர்ஃப்ளோ ஆக்கிவிட்டீர்கள். இடைவெளி 0.5 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பாயின்ட் வண்டியில் இதைக் கூட்டி வைத்தால் பொறி திணறும்.

சோதனைக்கு ஒரு நல்ல பிளக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பிளக்கைத் திரும்ப மாட்டி இறுக்கிவிட்டு, சோதனைப் பிளக்கைக் கேப்பில் செருகி அதன் உலோக உடம்பை எஞ்சின் ஹெட்டில் பெயின்ட் இல்லாத இடத்தில் படும்படி வையுங்கள். பிளக் துளை திறந்திருந்தால் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். அதனால்தான் இந்த இரட்டைப் பிளக் முறை. நிழலில் நின்று, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்தபடி உதையுங்கள். நீலமும் வெள்ளையுமாகத் தடித்து, 'டக்' என்று சத்தம் கேட்கிற மாதிரி வந்தால் நல்ல பொறி. நூல் மாதிரி மஞ்சளாகவோ சிவப்பாகவோ வந்தால் அது எஞ்சினுக்குள் கம்ப்ரஷனில் அணைந்துபோகும். வெளியே பொறி தெரிகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்கிற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பொறி இல்லை, அல்லது மெலிசாக இருக்கிறது என்றால் கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றுங்கள். கேப் இல்லாமல் ஒயர் முனையை மரத் துணிக் கிளிப்பால் பிடித்து, ஹெட்டிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி வைத்து உதையுங்கள். இப்போது பொறி தாவினால் கேப்தான் பழுது.

முட்டத்திலிருந்து ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். "அண்ணே, காயிலு புதுசு போட்டாச்சு, பாயின்ட் புதுசு போட்டாச்சு, அப்பவும் கரண்ட் வர மாட்டேங்குது. ஒர்க்‌ஷாப்ல பேட்டரியயும் மாத்தச் சொல்லுதாவ" என்றான். கேப்பைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஒயருக்குள் ஏறும் பித்தளைத் திருகு இருந்த இடத்தில் பச்சைப் பொடி. ஒயர் முனையில் செம்பு இழைகள் கறுத்து, விரலால் தேய்த்தால் உதிர்ந்தன. முனையில் அரை அங்குலம் வெட்டினேன். உள்ளே பளபளவென்று செம்பு. புதுக் கேப்பைத் திருகி உதைத்ததும் சோதனைப் பிளக்கில் பொறி வெடித்தது. அவன் வாங்கிய காயில், பாயின்ட் எதிலும் பழுது இல்லை, கழற்றிப் போட்ட பழையவற்றிலும் பழுது இல்லை.

கேப்புக்குள் 5 கிலோ ஓம் தடை வைத்திருப்பார்கள். மல்டிமீட்டரில் அதற்குப் பக்கத்தில் காட்டினால் சரி. எதுவுமே காட்டவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது, பார்ப்பதற்கே அழகானது. மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங் ஆகும் வண்டியை இரவில் விளக்கில்லாத இடத்தில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுத் தடித்த ஒயரைப் பாருங்கள். ஒயரில் வெடிப்பு இருந்தால் அந்த இடத்திலிருந்து ஃபிரேமுக்கோ ஹெட்டுக்கோ நீலப் பொறி ஊர்ந்து ஊர்ந்து ஓடுவது தெரியும். அப்படித் தெரிந்தால் ஒயரை மாற்றிவிடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றினால் அடுத்த மழை வரைக்கும்கூடத் தாங்காது.

பாயின்ட்: பொறுமை வேண்டிய இடம்

புல்லட்டின் வலது பக்கம் இருக்கும் வட்ட மூடியைக் கழற்றினால் பாயின்ட் தெரியும். பிளக்கைக் கழற்றிவிட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் உருட்டினால் எஞ்சினை வேண்டிய அளவுக்குச் சுற்றலாம். சாவி ஆஃபில் இருக்கட்டும்.

முதலில் இரண்டு முகங்களையும் பாருங்கள். சீராக, சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் நல்ல நிலை. கறுத்துப் போயிருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது கண்டன்சர் வேலை செய்யவில்லை. ஒரு பக்கம் குழியும் எதிர்ப்பக்கம் முளையுமாக இருந்தால் அதுவும் பெரும்பாலும் கண்டன்சரைக் காட்டிக் கொடுப்பதுதான். நாட்கணக்கில் ஓடாத வண்டியில் முகத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் பிடித்திருக்கும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் கரண்ட் கடக்காது. கொட்டகையில் கிடந்து எடுத்த வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நைஸ் உப்புத்தாளை இரண்டாக மடித்து முகங்களுக்கு நடுவே விட்டு, பாயின்டை ஒட்டவிட்டு மெதுவாக இழுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். உப்புத்தாளின் மணல் துகள் முகத்தில் தங்கினால் மறுபடி கரண்ட் நிற்கும். விசிட்டிங் கார்டைச் சிறு துண்டாக வெட்டி, துளி பெட்ரோலில் நனைத்து, அதே மாதிரி இழுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் வரும் வரை புதுத் துண்டு எடுத்து இழுங்கள். முடித்ததும் பெட்ரோல் நன்றாக உலரட்டும். கடையில் வாங்கிய புதுப் பாயின்டையும் இப்படித் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். துரு பிடிக்காமலிருக்க அதில் ஒரு எண்ணெய்ப் பூச்சு இருக்கும். புதுப் பாயின்ட் போட்டதும் கரண்ட் நின்றுவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

அப்புறம் இடைவெளி. சக்கரத்தை உருட்டி, கேமின் (சுழன்று பாயின்டைத் திறக்கும் தண்டு) மேடு பாயின்டின் ஃபைபர் குதிகாலை முழுசாகத் தூக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இறுக்கமும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல், லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். திருகை இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். இறுக்கும்போது தட்டு கொஞ்சம் நகர்ந்துவிடும், அநேகமாக எல்லோருக்கும் நகரும். கேம் மேல் கிரீஸ் ஒரு மிளகளவுக்கும் குறைவாகத் தடவினால் போதும். அதிகமானால் தெறித்துப் பாயின்டில் விழும்.

பாயின்டைக் கழற்றி மாட்டும்போது ஃபைபர் வாஷர்களின் வரிசையைக் கவனியுங்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பாயின்டின் ஸ்பிரிங், காயிலிலிருந்து வரும் ஒயர், கண்டன்சர் ஒயர் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆனால் மூன்றில் எதுவும் அடித்தட்டைத் தொடக் கூடாது. வாஷர் இடம் மாறினால் எல்லாம் எர்த் ஆகி, ஆம்பியர் மீட்டர் முள் மைனஸிலேயே நின்றுவிடும். முதன்முறை செய்பவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது.

கண்டன்சர், காயில்

கண்டன்சர் சின்ன சாமான், விலையும் குறைவு. பழுதானால் பாயின்டிலேயே பெரிய நீலப் பொறி அடிக்கும், பிளக்கில் மெலிந்த பொறி வரும். குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காக ஓடி, சூடானதும் மிஸ்ஸிங் ஆகி நின்று, அரை மணி நேரம் ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிற வண்டி என்றால் கண்டன்சரையும் காயிலையும் சந்தேகப்படுங்கள். பேச்சிப்பாறை ஏற்றத்தில் நின்றுபோன வண்டி கீழே உருட்டிக்கொண்டு வருவதற்குள் சரியாகிவிடுவது இப்படித்தான். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, நன்றாக இருப்பது தெரிந்த இன்னொரு கண்டன்சரை வெளியிலேயே தொங்கவிட்டு மாட்டிப் பார்ப்பது. ஒயர் பாயின்ட் முனையில், உடம்பு எஞ்சின் உலோகத்தில் படும்படி. பொறி தடித்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் பழையதையே திரும்பப் போடுங்கள்.

காயிலைக் குறை சொல்வதற்கு முன் காயிலுக்குக் கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். பேட்டரியில் எர்த் ஆகாத முனையிலிருந்து நேராக ஒரு ஒயரைக் காயிலின் உள்வரும் முனைக்குக் கொடுங்கள். இப்போது பொறி நன்றாக வந்தால் காயில் மேல் பழி போடாதீர்கள். சாவிக் கொத்து (சாவி போடும் சுவிட்ச்), ஆம்பியர் மீட்டர் இணைப்பு, பியூஸ், நடுவிலுள்ள சாக்கெட் இவற்றில் எங்கேயோ களிம்பு. ஹெட்லைட் தலைப்பகுதிக்குள் தண்ணீர் இறங்குவது பழைய புல்லட்டில் சகஜம், அதனால் அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். சோதனை முடிந்ததும் அந்த ஒயரைக் கழற்ற மறக்காதீர்கள். அது இருக்கும் வரை சாவியை எடுத்தாலும் கரண்ட் நிற்காது.

நேரடி ஒயரிலும் பொறி மெலிசுதான், பாயின்டும் கண்டன்சரும் சரி என்று உறுதியானால் காயிலை அளக்கலாம். 12 வோல்ட் காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே 3, 4 ஓம் இருக்கும். 6 வோல்ட் காயிலில் அதைவிடக் குறைவு. சின்ன முனைக்கும் தடித்த ஒயருக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. ஆனால் ஒன்று, குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டும் காயில் சூட்டில் காலை வாரலாம். கையில் இருக்கும் நல்ல காயிலை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

எர்த்

நான் பார்த்த மர்மப் பழுதுகளில் நிறைய கடைசியில் எர்த்தில் வந்து நின்றவை. பேட்டரியிலிருந்து ஃபிரேமுக்கு வரும் ஒயரின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அழகாகப் பெயின்ட் அடித்த ஃபிரேம் என்றால் பெயின்ட் மேலேயே போல்ட் இறுக்கியிருப்பார்கள். புதுசாக மினுக்கிய வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த மறுவாரமே தகராறு செய்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். போல்ட் படும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உலோகம் தெரிய இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சினிலிருந்து ஃபிரேமுக்கு ஒரு தனி எர்த் ஒயரும் கொடுத்துவிட்டால் நிம்மதி. பேட்டரியைக் கழற்றினால் எந்த முனை ஃபிரேமுக்குப் போனது என்று குறித்துக்கொண்டு அதே மாதிரி மாட்டுங்கள். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் சோதிக்காதீர்கள்.

உதைத்தால் திருப்பி உதைக்கிறதா

கரண்ட் நன்றாக வருகிறது, ஆனால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங், அதாவது பொறி வரும் நேரம், முன்னால் போயிருக்கிறது. பாயின்ட் இடைவெளியைக் கூட்டினால் பாயின்ட் சீக்கிரம் விலகும், டைமிங்கும் முன்னால் போகும். ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்தால் பின்னால் போகும், வண்டி இழுக்காது, சைலன்சர் சூடாகும். அதனால் எப்போதும் இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். வேகம் கூடும்போது பொறியை முன்னால் தள்ள, பாயின்ட் தட்டுக்குக் கீழே இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டாலும் கிக்கர் திருப்பி அடிக்கும். அவற்றைச் சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விடுங்கள்.

டைமிங் வைப்பதை முதல் முறை ஒரு புல்லட் ஆசானிடம் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்துவிட்டுச் செய்கிற வேலை இல்லை அது, கணுக்கால் போகும். அது வரைக்கும் ஷூ போடாமல் உதைக்காதீர்கள். உதைக்கும் முறையும் முக்கியம். சாவி ஆனில் இருக்க, கிக்கரை அமுக்கித் திமிறும் இடத்தில் நிறுத்துங்கள், ஆம்பியர் மீட்டர் முள் நடுவில் நிற்கும். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மட்டும் தள்ளுங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் முழுசாக உதையுங்கள்.

சி.டி.ஐ. வண்டி என்றால்

ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்பிளெண்டர் போன்றவற்றில் பாயின்டும் கண்டன்சரும் கிடையாது. பேட்டரி இல்லாமலே மேக்னட்டிலிருந்து பொறி வரும். பிளக், கேப், ஒயர், எர்த் சோதனைகள் அதேதான். ஆனால் சாவி நேர்மாறாக வேலை செய்கிறது. புல்லட்டில் சாவி ஆன் ஆனால் கரண்ட் போகிறது. இவற்றில் சாவியை ஆஃப் செய்தால் பொறி எர்த் ஆகி நிற்கிறது. சாவிக் கொத்துக்குள் உப்பும் ஈரமும் புகுந்து தானாகவே எர்த் ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சி.டி.ஐ. பெட்டிக்கு வரும் அந்த ஆஃப் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்தால் சாவிதான் பழுது. அப்போது சாவியால் எஞ்சினை அணைக்க முடியாது, கியரில் போட்டு பிரேக் பிடித்துக் கிளட்சை விட்டு நிறுத்துங்கள். பிளக்கை எர்த் செய்யாமல் காற்றில் தொங்கவிட்டு உதைக்காதீர்கள், சி.டி.ஐ. கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

உப்பிலிருந்து காப்பாற்ற

கடலோரம் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஹோஸை ஹெட்லைட் மேலும் பாயின்ட் மூடி மேலும் நேராகப் பீய்ச்சாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலம் தொடங்கும் முன், மே மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாச் சாக்கெட்டையும் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டிய பிறகு வாசலின் பூசுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாயின்ட் மூடியின் கேஸ்கெட் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், தார்ப்பாயைத் தரை வரை இழுத்து மூடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கி வேகமாகப் பச்சை பிடிக்கும்.

டூல் பாக்ஸில் சோதனைப் பிளக், ஒரு கேப், ஒரு கண்டன்சர், டெஸ்ட் லைட், இரண்டு அடி ஒயர், உப்புத்தாள் எப்போதும் இருக்கட்டும். புதுசு மாட்டும்போது கழற்றிய பாயின்ட் நன்றாக இருந்தால் அதையும் துடைத்து, காற்றுப் புகாத கவரில் போட்டு வையுங்கள். கடைசியில் மெக்கானிக்கிடம் போக வேண்டி வந்தால், "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். முள் ஆடுகிறதா, பொறி என்ன நிறம், சூட்டில் நிற்கிறதா, மழையில் நிற்கிறதா, எதையெல்லாம் மாற்றிப் போட்டுப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அவர் நேராகப் பழுது இருக்கும் இடத்துக்குப் போவார், உங்களுக்கும் தேவையில்லாத சாமானுக்குப் பில் வராது.